தொட்டியில் ஆளுயரத் தக்காளி: கழியா, கூண்டா, கயிறா?

மாடிப்பந்தல் (பெரம்பூர்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மொட்டைமாடியில் கிழக்குக் கைப்பிடிச் சுவரை ஒட்டி ஆறு பைகளில் தக்காளி வைத்திருக்கிறேன். மழை ஓய்ந்ததும் டிசம்பர் தொடக்கத்தில் நாற்று நட்டேன். நான்கில் செர்ரித் தக்காளி. மற்ற இரண்டில், விதைக்கடையில் 'கொடித் தக்காளி' என்று சொல்லிக் கொடுத்த ரகம். பொங்கல் முடிவதற்குள் எல்லாமே இடுப்பைத் தாண்டிவிட்டன. பை ஒவ்வொன்றும் 30 சென்டிமீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் உயரம். தென்னை நார்க் கழிவு பாதி, மீதியில் செம்மண்ணும் மண்புழு உரமும்.

பைக்கு ஒரு மூங்கில் கழி ஊன்றியிருக்கிறேன். காலையில் நேராக நிற்கிறது. பிற்பகலில் கடற்காற்று வீசத் தொடங்கியதும் கழி செடியையும் இழுத்துக்கொண்டு சாய்கிறது. நேற்று ஒரு பை முழுவதுமாகச் சரிந்து சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. கொத்துக் கொத்தாகப் பூ இருக்கிறது, காய் இறங்கினால் இன்னும் பாரம் கூடும். தடித்த கழி வாங்குவதா, கம்பிக் கூண்டு செய்வதா, மேலிருந்து கயிறு விடுவதா? மாடியில் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள். தரையில் நடுவதற்கான யோசனைகள் நிறையப் படித்துவிட்டேன், அவை எதுவும் இங்கே பொருந்தவில்லை.

நாற்றங்கால் (மாதவரம்)

தாங்கு வாங்கும் முன் செடி எந்த வகை என்று பாருங்கள் அம்மா. தக்காளியில் ஓரளவு வளர்ந்ததும் நின்றுவிடும் புதர் வகை உண்டு, நுனி நிற்காமல் நீண்டுகொண்டே போகும் வகையும் உண்டு. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி கொடுத்த பி.கே.எம். 1 முதல் வகை. அதற்கு இடுப்பளவு முட்டு போதும், கூண்டுக்குச் செலவழிக்க வேண்டியதில்லை. பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் அர்கா ரக்ஷக் நடுத்தரம், அதற்குத் தாங்கு வேண்டும். செர்ரியில் பெரும்பாலானவை நிற்காமல் ஓடுகிறவை.

பாக்கெட்டில் எழுதியிருப்பதைவிடச் செடியே நன்றாகச் சொல்லும். தண்டில் ஒரு பூங்கொத்துக்கும் அடுத்த பூங்கொத்துக்கும் நடுவே எத்தனை இலை என்று எண்ணுங்கள். மூன்று மூன்று இலைக்கு ஒரு கொத்து வந்து, நுனியில் புதுத் தளிர் விரிந்துகொண்டே இருந்தால் நீளும் வகை. ஓரிரு இலைக்கு ஒரு கொத்து என்று நெருங்கிவந்து, கடைசியில் நுனியே பூங்கொத்தாக முடிந்துவிட்டால் புதர் வகை. எண்ணிப் பார்த்துச் சொல்லுங்கள். புதர் வகையில் இலைக் கக்கத்தில் முளைக்கும் பக்கத் தளிரைக் கிள்ளினால் விளைச்சலைக் கிள்ளி எறிந்தது போலத்தான், ஆகவே இது தெரியாமல் கத்தரிக்கோலை எடுக்காதீர்கள்.

கம்பிக்கூண்டு (கொளத்தூர்)

என் பெயரே பதில் சொல்லிவிடும். பற்றவைத்த கம்பி வலை வாங்கிச் சுருட்டிக் கூண்டாக்குங்கள். 45 சென்டிமீட்டர் விட்டம் வேண்டுமென்றால் சுற்றளவு 141 வரும், ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கட்டுவதற்கும் சேர்த்து ஒன்றரை மீட்டர் நீளம் வெட்டினால் போதும். உயரம் ஒன்றரை மீட்டர்.

இதில் இரண்டு விஷயங்களை விட்டுவிடக் கூடாது. கூண்டு பைக்குள் நிற்கக் கூடாது, பையைச் சுற்றித் தரையில் நிற்க வேண்டும். கடைகளில் கிடைக்கும் கூம்பு வடிவக் கூண்டு மண்ணில் குத்தி நிறுத்துவதற்காகச் செய்தது. நம் பையில் இருப்பது நார்க்கழிவு, அதில் அது ஒரு வாரம்கூட நேராக நிற்காது. அடுத்து, வலையின் கண் வழியாகக் கை போய்ப் பழத்தோடு திரும்ப வேண்டும். சிறிய கண் வலை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் பழுத்த தக்காளியைக் கண்ணால் மட்டும் பார்க்கலாம். வாங்கும் இடத்திலேயே கையை மூடி நுழைத்துப் பாருங்கள்.

கூண்டுகளை மூன்று மூன்றாகச் சேர்த்து மேலேயும் நடுவிலேயும் கட்டிவிட்டால் தனித்தனியாகச் சாயாது. பக்கத் தளிர் கிள்ளும் வேலையும் குறைவு. இலை அடர்ந்திருப்பதால் மார்ச் மாத வெயில் பழத்தின் தோலைச் சுடுவதில்லை. வேலைக்குப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை என்பது என் முடிவு.

மாடிப்பந்தல் (பெரம்பூர்)

நன்றி. எண்ணிப் பார்த்தேன் ஐயா. ஆறிலும் மூன்று இலைக்கு ஒரு கொத்துதான். நுனி ஓடிக்கொண்டேதான் இருக்கிறது.

கூண்டைப் பற்றி ஒரு சந்தேகம். பைகள் சுவரை ஒட்டி ஒரே வரிசையில் நெருக்கமாக இருக்கின்றன. 45 சென்டிமீட்டர் கூண்டு ஆறு என்றால் வரிசை சுவரின் நீளத்தையே தாண்டிவிடும். பருவம் முடிந்த பிறகு ஆறு கூண்டுகளை எங்கே வைப்பது என்றும் யோசிக்கிறேன். மாடியில் துணி காயப்போடவும் இடம் வேண்டும்.

புதுச்செடி (குரோம்பேட்டை)

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். வீடு கட்டியபோது மிஞ்சிய பிவிசி குழாய் நிறைய இருக்கிறது. அதை ஊன்றலாமா?

பட்டறை (அம்பத்தூர்)

தம்பி, பிவிசி வெயிலில் இளகும். நம் ஊர் மாடியில் தரைச் சூடும் சேர்ந்துகொள்ளும். காய் இறங்கும் நேரத்தில் நடுவில் வளைந்து நிற்கும். வருடக்கணக்கில் வெயில் பட்டால் நொறுங்கும். கையில் இருப்பதை வீணாக்க வேண்டாமென்றால் உள்ளே 8 மில்லிமீட்டர் முறுக்குக் கம்பியை நுழைத்துப் பயன்படுத்துங்கள். கம்பி மீட்டருக்கு 400 கிராம்தான் வரும், ஆனால் வளையாது. குழாய் வெறும் உறையாக இருந்துவிட்டுப் போகட்டும்.

இனி பெரம்பூர் அக்காவின் கேள்வி. எல்லோரும் கழி தடிமனா, கம்பி தடிமனா என்றே பேசுகிறோம். அக்காவின் கழி முறியவில்லையே. முறிந்திருந்தால் தடித்த கழி வாங்கச் சொல்லலாம். பையோடு சேர்ந்து சாய்ந்திருக்கிறது. கழி எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்பதுதான் இங்கே கேள்வி.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். தண்ணீர் ஊற்றிய 30 சென்டிமீட்டர் பை ஏறத்தாழ 15 கிலோ என்று வையுங்கள். அது சரிய வேண்டுமென்றால் விளிம்பில் திரும்ப வேண்டும். நடுவிலிருந்து விளிம்பு 15 சென்டிமீட்டர். பதினைந்தைப் பதினைந்தால் பெருக்கினால் 225. செடியின் மேல் காற்று தள்ளும் இடம் தரையிலிருந்து 120 சென்டிமீட்டர் என்று வைத்தால், 225ஐ 120ஆல் வகுக்க வேண்டும். இரண்டு கிலோகூட வரவில்லை. அவ்வளவு தள்ளினாலே பை சரிந்துவிடும். காலையில் ஊற்றிய தண்ணீர் பிற்பகலில் வற்றிப் பை 9 கிலோவாக இளைத்திருந்தால் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் போதும். கடற்காற்று வரும் நேரமும் பை காய்ந்திருக்கும் நேரமும் ஒன்றாக வருகின்றன. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த நிலையில் இரும்புத் தூணையே பைக்குள் ஊன்றினாலும் பை சரியத்தான் செய்யும்.

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் தக்காளி வயலில் கழி நட்டுக் கம்பி இழுத்துக் கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே கழியைப் பிடித்திருப்பது பூமி. மாடியில் பூமி இல்லை. அதனால் தாங்கை வேறொன்று பிடிக்க வேண்டும். என்னைக் கேட்டால், பைகளின் எடையையே பிடிக்க வையுங்கள்.

செய்முறை இது. முக்கால் அங்குல ஜிஐ குழாய் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்), 6 மீட்டர் நீளத்தில் இரண்டு. தரையில் 2.2 மீட்டர் நீளக் குழாய் இரண்டை ஒரு சாண் இடைவெளியில் இணையாகப் போடுங்கள். இரு முனையிலும் 90 சென்டிமீட்டர் குறுக்குக் குழாய், அதுதான் பாதம். பாதத்தின் நடுவிலிருந்து 1.7 மீட்டர் தூண். இரண்டு தூணையும் மேலே 2.2 மீட்டர் குழாயால் இணையுங்கள். மொத்தம் 11.8 மீட்டர், ஒரு பாதத்தை மட்டும் இரண்டு துண்டாக இணைத்தால் இரண்டு குழாயில் முடிந்துவிடும், சேதாரம் ஒரு முழத்திற்கும் குறைவு. ஆறு பைகளையும் கீழே இருக்கும் இணைக்குழாய்கள் மேல் வரிசையாக வையுங்கள். ஆறு பை 180, நடுவே 8 சென்டிமீட்டர் இடைவெளி, சரியாக 220. மேல் குழாயிலிருந்து செடிக்கு ஒரு கயிறு.

இப்போது சரிய வேண்டுமென்றால் ஆறு பையும் சட்டமும் சேர்ந்து சரிய வேண்டும். திரும்பும் விளிம்பு 15 சென்டிமீட்டரிலிருந்து 45க்குப் போய்விட்டது. ஒவ்வொரு செடியும் காற்றின் தள்ளும் விசையை மூன்று மடங்கு தாங்கும். கம்பிக்கூண்டு நண்பர் மூன்று கூண்டுகளைச் சேர்த்துக் கட்டச் சொன்னதும் இதே காரணத்தால்தான், அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

கம்பிக்கூண்டு (கொளத்தூர்)

பட்டறை அண்ணா, கணக்கு கண்ணைத் திறந்தது. ஒரே வரிசை, குறைந்த இடம் என்றால் சட்டம்தான் பொருத்தம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கயிற்றில் ஏற்றுகிறவர்கள் வாரா வாரம் பக்கத் தளிரைக் கிள்ளியே ஆக வேண்டும். இரண்டு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்தால் எது தாய்த்தண்டு என்றே தெரியாது. கூண்டு அந்தக் கண்டிப்பைக் கேட்காது. தனித்தனியாக இரண்டு மூன்று தொட்டி வைத்திருப்பவர்களுக்கு நான் இன்னும் கூண்டையே சொல்வேன்.

கடலோரம் (திருவான்மியூர்)

அம்பத்தூரில் ஜிஐ நிற்கும். எங்கள் பக்கம் உப்புக்காற்று. குழாயின் மேல் துத்தநாகப் பூச்சு இருந்தாலும் அறுத்த முனையிலும் பற்றவைத்த இடத்திலும் அது போய்விடுகிறது. அங்கிருந்து துரு தொடங்கி, மழை முடிந்ததும் மாடித் தரையில் காவிக் கோடாக இறங்குகிறது. கடற்கரையை ஒட்டி இருப்பவர்கள் சவுக்குக் கழியை மறக்காதீர்கள். சாரம் கட்டுகிறவர்கள் வாங்கும் அதே கழிதான். நேராக இருக்கும், கனமாக இருக்கும், சொரசொரப்பாக இருப்பதால் கட்டிய கயிறு வழுக்கி இறங்காது. மூங்கிலில் அந்த வழுக்கல் பெரிய தொல்லை. கணுவுக்கு மேலே கட்டினால்தான் நிற்கும்.

சவுக்கின் எதிரி ஈரமும் கரையானும். அடியை ஈர மண்ணில் புதைக்காமல் பைக்கு வெளியே நிறுத்தினால் இரண்டுமே குறையும். பழைய இயந்திர எண்ணெய் பூசுங்கள் என்று சிலர் சொல்வார்கள். சாப்பிடும் செடி வளரும் பையில் அதைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள்.

பட்டறை நண்பர் சொன்ன அதே சட்டத்தைச் சவுக்கில் கட்டலாம். மூலைகளில் சாரம் கட்டுவது போலத் தேங்காய் நார்க் கயிற்றால் குறுக்கு முடிச்சுப் போட்டு, ஒரு மூலைவிட்டக் கழியும் சேர்க்க வேண்டும். மூலைவிட்டம் இல்லாத சவுக்குச் சட்டம் ஆடும். கயிற்றை நனைத்துக் கட்டுங்கள்.

இன்னொன்று. செடியைச் சுற்றிப் பசுமை நிழல்வலையைச் சட்டத்திலேயே கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வலை கட்டிய சட்டம் பாய் விரித்த படகுதான். நிழல்வலைக்குத் தனிப் பந்தல் போடுங்கள்.

பட்டறை (அம்பத்தூர்)

உப்புக்காற்று பற்றிச் சொன்னது உண்மை. அறுத்த முனைகளிலும் பற்றவைத்த இடங்களிலும் துத்தநாக வண்ணம் இரண்டு கை பூசி, முனைகளுக்கு ரப்பர் மூடி போட்டால் பெரம்பூர், அம்பத்தூருக்குப் போதும். திருவான்மியூருக்குச் சவுக்கு என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. பற்றவைக்காமல் மறை போட்ட இணைப்புகளால் மாட்டினால் பருவம் முடிந்ததும் கழற்றிச் சுவரோரம் சாத்திவிடலாம். மொத்த எடை 19 கிலோ அளவில்தான் இருக்கும், அக்கா கேட்ட இடப் பிரச்சினையும் தீரும்.

நான்காம்தளம் (வேளச்சேரி)

அடுக்குமாடியில் இருப்பவர்கள் சார்பில் சில வார்த்தைகள். இவற்றைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும்.

சட்டத்தை நிறுத்துவதற்காக மாடித் தரையில் துளை போடாதீர்கள். தட்டோடோ வெள்ளை ஓடோ, அதற்குக் கீழே நீர்க்காப்புப் பூச்சு இருக்கிறது. ஒரு துளை போதும், வடகிழக்குப் பருவமழையில் கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரியும். கைப்பிடிச் சுவரில் கொக்கி அடிப்பதென்றால் உள்பக்கமாக, பக்கவாட்டில் அடியுங்கள். சுவரின் மேல்முகத்தில் அடித்தால் தண்ணீர் நேராக இறங்கும்.

இடிதாங்கிக் கம்பி, கேபிள் கம்பி, தண்ணீர்க் குழாய், இவற்றில் எதையும் கட்டாதீர்கள். துணிக்கொடியில் தக்காளிக் கயிற்றைக் கட்டுவதும் வேண்டாம். துணி காய்ந்ததும் எடுத்துவிடுகிறோம். காய்த்த செடி மாதக்கணக்கில் தொங்கும், கொடி தொய்ந்து எல்லாச் செடியும் ஒரே இடத்தில் குவியும்.

கடைசியாக, பையைச் சுவரின் மேல் வைக்கவே கூடாது. 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்த அன்று இந்த ஊரில் மரங்களே வேரோடு சாய்ந்தன. மாடியிலிருந்து ஒரு பை கீழே விழுந்தால் யார் தலையில் விழும் என்பது நம் கையில் இல்லை. உயரமான தாங்கு போடுகிறவர்கள் புயல் எச்சரிக்கை வந்தால் எப்படி இறக்குவது என்பதையும் அன்றைக்கே யோசித்து வையுங்கள்.

வாழைநார் (மயிலாப்பூர்)

சட்டம், கழி எல்லாம் பேசிவிட்டீர்கள். கட்டுவதைப் பற்றி யாரும் பேசவில்லையே.

தக்காளி கொடி அல்ல. பாகலுக்கும் பீர்க்குக்கும் சுருள் கம்பி போல ஒரு பற்று உண்டு, வலையைக் காட்டினால் தானே பிடித்து ஏறும். தக்காளிக்கு அது கிடையாது. நாம் கட்டினால்தான் நிற்கும். எத்தனை நல்ல தாங்கு போட்டாலும் கட்டு தவறாக இருந்தால் தண்டு அறுபடும்.

கட்டுக்கம்பி வேண்டாம், மெல்லிய நைலான் நூலும் வேண்டாம். இன்று விரல் தடிமனில் இருக்கும் தண்டு ஒரு மாதத்தில் பருக்கும், கம்பி தசைக்குள் இறங்கிவிடும். பூக்கடைகளில் கிடைக்கும் வாழை நார் மிக நல்லது. தண்ணீரில் ஊறவைத்து, விரலகலத்தில் கிழித்துக் கட்டுங்கள். பழைய வேட்டிக் கிழிசல் இன்னும் நல்லது, அகலமாக இருப்பதால் பாரம் பரவும். நார் வெயிலில் காய்ந்து சில வாரங்களில் இற்றுவிடும் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும், பார்த்துப் பார்த்து மாற்ற வேண்டும்.

கட்டும் முறை எட்டு வடிவம். முதலில் கழியைச் சுற்றி இறுக்கமாக ஒரு முடிச்சு. பிறகு நாரைக் குறுக்காக மாற்றித் தண்டைச் சுற்றித் தளர்வாகக் கொண்டுவந்து முடியுங்கள். தண்டுக்கும் நாருக்கும் நடுவே சுண்டுவிரல் நுழைய வேண்டும். தண்டுக்கும் கழிக்கும் நடுவே நார் குறுக்காக ஓடுவதால் இரண்டும் உரசாது. இரும்பு, கம்பி வைத்திருப்பவர்களுக்கு இது மிக முக்கியம், நண்பகலில் இரும்பைத் தொட முடியாது. கட்டு எப்போதும் ஓர் இலைக்காம்புக்கு நேர் கீழே விழ வேண்டும். அங்கே விழுந்தால் செடி பாரத்தால் கீழே இறங்காது, காம்பு கட்டின் மேல் உட்கார்ந்துகொள்ளும். பூங்கொத்தின் காம்போடு சேர்த்துக் கட்டிவிடாதீர்கள். ஒரு சாண் வளர்ச்சிக்கு ஒரு கட்டு.

மேலிருந்து கயிறு விடுகிறவர்களுக்குச் சணல் கயிறு நல்லது. அடித்தண்டில் தளர்வான வளையம் போட்டு, நாள்தோறும் நுனியைக் கயிற்றில் ஒரே திசையில் சுற்றி ஏற்றுங்கள். கயிற்றைச் செடியின் மேல் சுற்றுவதைவிட இதுவே எளிது. காலையில் தண்ணீர் ஊற்றியதும் செய்யாதீர்கள், தண்டு விறைத்திருக்கும், ஒடியும். மாலையில் சற்றுத் துவண்டிருக்கும்போது சொன்னபடி கேட்கும்.

மாடிப்பந்தல் (பெரம்பூர்)

மயிலாப்பூர் அம்மா, இலைக்காம்புக்குக் கீழே என்பதை இன்று மாலையே செய்து பார்த்தேன். நேற்று வரை என் கட்டுகள் எல்லாம் இறங்கி இறங்கி அடியில் வந்து சேர்ந்துகொண்டிருந்தன. இப்போது அசையவில்லை.

சட்டம் செய்வது என்று முடிவு செய்துவிட்டேன். என் கணவர் நாளை குழாய் விலை கேட்டுவரப் போகிறார். ஆனால் 1.7 மீட்டர் போதுமா? பை உயரம் போகச் செடிக்கு 1.4 மீட்டர்தான் மிஞ்சும். கொடித் தக்காளி இரண்டு ஆள் உயரம் போகும் என்று விதைக்கடையில் சொன்னார்கள்.

நாற்றங்கால் (மாதவரம்)

போகும் அம்மா, குளிர்ந்த ஊரில் போகும். நம் ஊரில் வெயில் அதற்கு நேரம் கொடுக்காது. பகல் 35 பாகையைத் தாண்டி, இரவும் குளிராமல் போனால் தக்காளியின் மகரந்தம் கெட்டுவிடும். பூ பூக்கும், காய் பிடிக்காது, உதிரும். சென்னையில் ஏப்ரல் வந்தாலே அந்த நிலைதான். கத்திரி வெயிலில் இரவுகூட 28 பாகை அளவிலேயே நிற்கும். பூத்துக் காயாகிப் பழுக்க ஒன்றரை மாதத்திற்கு மேல் ஆகும். ஆகவே மார்ச் கடைசிக்குள் பிடித்த காய்தான் உங்கள் கணக்கில் வரும், அதற்கு மேல் வளரும் தண்டு வெறும் இலை.

மேல் குழாயைத் தொட்டதும் இரண்டு வழி உண்டு. ஒன்று, கடைசிப் பூங்கொத்துக்கு மேலே இரண்டு இலையை விட்டு நுனியைக் கிள்ளிவிடுவது. சத்து முழுவதும் இருக்கும் காய்க்குப் போகும். மார்ச் நடுவில் தொட்டால் இதைத்தான் செய்யுங்கள். பிப்ரவரி தொடக்கத்திலேயே தொட்டுவிட்டால் நுனியைக் கிள்ள மனம் வராது. அப்போது கயிற்றை இறக்குங்கள். முதலிலேயே மேல் குழாயில் கயிற்றை ஒன்றிரண்டு மீட்டர் மிகையாகச் சுற்றி வைத்திருக்க வேண்டும். அறுவடை முடிந்த அடிப்பகுதியின் இலைகளைக் கிள்ளிவிட்டு, கயிற்றைக் கொஞ்சம் அவிழ்த்து, வெற்றுத் தண்டைப் பக்கத்துப் பையை நோக்கிச் சாய்த்துப் படுக்கவிடுங்கள். பசுமைக்குடில்களில் பல மீட்டர் நீளச் செடியை இப்படித்தான் கைக்கெட்டும் உயரத்தில் வைத்திருக்கிறார்கள். ஆறு செடியையும் ஒரே திசையில் சாய்க்க வேண்டும்.

பக்கத் தளிர் பற்றி: இலைக்காம்பும் தண்டும் சேரும் கக்கத்தில் முளைப்பதுதான் பக்கத் தளிர். விரல் நீளம் ஆகும் முன் கையாலேயே கிள்ளுங்கள், கத்தி வேண்டாம். 8 சென்டிமீட்டர் இடைவெளியில் பை வைத்திருப்பதால் கொடித் தக்காளிக்கு ஒரே தண்டு. செர்ரிக்கு இரண்டு விடலாம். முதல் பூங்கொத்துக்கு நேர் கீழே வரும் தளிரை விட்டு, அதற்கு இன்னொரு கயிறு கொடுங்கள். ஆனால் ஒரே நாளில் எல்லாவற்றையும் மொட்டையடிக்காதீர்கள். பழத்தின் மேல் இலை நிழல் இருக்க வேண்டும், இல்லையென்றால் வெயில் பட்ட பக்கம் வெளுத்துக் காகிதம் போல ஆகிவிடும். அடியில் மண்ணைத் தொடும் இலைகளை மட்டும் தாராளமாக எடுக்கலாம். தண்ணீர் ஊற்றும்போது மண் தெறித்து இலைக்கருகல் ஏறுவது அங்கிருந்துதான்.

இன்னொரு யோசனை, அடுத்த முறைக்கு. நாற்று நடும்போது முதல் இலைகள் வரை ஆழமாகப் புதையுங்கள். தக்காளியின் தண்டு மண் பட்ட இடத்திலெல்லாம் வேர் விடும். அடி உறுதியாக நிற்கும். தாங்கையும் அன்றைக்கே நிறுத்திவிடுங்கள், வேர் பரவிய பிறகு கழியை இறக்கினால் வேர்தான் அறுபடும்.

புதுச்செடி (குரோம்பேட்டை)

என்னிடம் ஒரே ஒரு தொட்டிதான் இருக்கிறது, 20 லிட்டர் வண்ணப்பூச்சு வாளி. ஒன்றுக்காகச் சட்டம் செய்ய முடியாது. நான் என்ன செய்வது?

பட்டறை (அம்பத்தூர்)

வாளி நல்லது தம்பி. பையைப் போல உருக்குலையாது, பக்கச் சுவர் கெட்டி. வாளிக்கு வெளியே, விளிம்பை ஒட்டி, முக்கோணமாக மூன்று கழிகளைத் தரையிலேயே நிறுத்துங்கள். அடி அகலமாக விரிந்திருக்கட்டும், உச்சியை ஒன்றாகச் சேர்த்துக் கட்டுங்கள். வாளியின் கழுத்தில் ஒரு சுற்று, நடுவில் ஒரு சுற்று, கழிகளோடு சேர்த்துக் கயிறு கட்டிவிடுங்கள். வாளியின் எடை மூன்று கால்களுக்கும் போய்ச் சேரும். அடியில் இரண்டு செங்கல்லை வாளிக்குள் போட்டுவிட்டு மண் நிரப்பலாம் என்று சிலர் சொல்வார்கள், வேண்டாம். வேருக்கு இருக்கும் கொஞ்ச இடமும் போய்விடும். செங்கல்லை வெளியே கழிகளின் காலில் வையுங்கள்.

கடலோரம் (திருவான்மியூர்)

வாளியின் அடியில் துளை இருக்கிறதா என்றும் பாருங்கள். அடியில் மட்டும் போட்டால் தரை அடைத்துக்கொள்ளும், அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் பக்கவாட்டிலும் போடுங்கள்.

மாடிப்பந்தல் (பெரம்பூர்)

சட்டம் வந்து நின்றுவிட்டது. பைகளைக் குழாய் மேல் ஏற்ற இரண்டு பேர் வேண்டியிருந்தது. ஒருவர் பையை அணைத்துத் தூக்க, மற்றவர் செடியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பழைய கழிகளை உருவவில்லை, உருவினால் வேர் அறுபடும் என்று அப்படியே விட்டுவிட்டேன். பாதங்களுக்கு அடியில் பழைய டயர் துண்டு வைத்திருக்கிறோம், தரையில் துரு படாது. நான்காம்தளம் நண்பர் சொன்னபடி சுவரின் உள்பக்கம் இரண்டு கொக்கி அடித்து மேல் குழாயை அதோடு கயிறு போட்டுக் கட்டினோம். பிற்பகல் காற்றில் செடிகள் ஆடுகின்றன, சட்டம் ஆடவில்லை.

இரண்டு சந்தேகங்கள் மிச்சம். இணைக்குழாய் மேல் பை உட்காரும்போது நடுவில் துணி தொங்குகிறது. அது கிழியுமா? அப்புறம், ஏப்ரலுக்குப் பிறகு இந்தச் சட்டத்தை வெறுமனே நிறுத்தி வைப்பதா, கழற்றிவிடுவதா?

பட்டறை (அம்பத்தூர்)

தொங்கினால் நாளடைவில் தையல் விடும். இணைக்குழாய்களின் மேல் ஒரு பலகையோ, பழைய கடப்பாக்கல் துண்டோ வைத்து அதன் மேல் பையை வையுங்கள். பலகை என்றால் தண்ணீர் வடிய இடைவெளி விட்டு அடியுங்கள். கல் வைத்தால் சட்டத்தின் எடையும் கூடும், அது நல்லதுதான்.

நாற்றங்கால் (மாதவரம்)

கழற்ற வேண்டாம். தக்காளியை எடுத்ததும் அதே பைகளில் எருவைக் கலந்து இரண்டில் பீர்க்கு, இரண்டில் பாகல் போடுங்கள். இரண்டும் வெயிலைத் தாங்கும், மேல் குழாயிலிருந்து நைலான் வலை விட்டால் தானே ஏறிவிடும். மீதி இரண்டு பைகளுக்கு ஓய்வு கொடுங்கள். அந்த இரண்டிலும் தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றையும் உடனே போடாதீர்கள், ஒரே குடும்பம், வாடல் நோய் மண்ணிலேயே தங்கியிருக்கும். ஆடிக்காற்றில் இலை அடர்ந்த வலை நன்றாக இழுக்கும், ஆகவே சுவர்க் கொக்கியில் போட்ட கயிற்றை ஆனிக்குள் ஒருமுறை புதிதாக மாற்றிவிடுங்கள். ஐப்பசியில் மழை தொடங்கும் முன் வலையை அவிழ்த்துச் சட்டத்தைக் கழற்றிப் படுக்கப் போட்டுவிட்டால், கார்த்திகை கடைசியில் புது நாற்றோடு மறுபடி மாட்டலாம். விதைக்கு எழுதுங்கள், என்னிடம் செர்ரி இருக்கிறது.

வாழைநார் (மயிலாப்பூர்)

பாகலுக்கு வலை விடும்போது கண் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். காய் வலைக்குள் சிக்கிக்கொண்டு வளர்ந்தால் எடுக்க வலையைத்தான் அறுக்க வேண்டியிருக்கும்.